சிகரெட்டை நிறுத்த எந்த மருந்து? தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறேன் என்கிறார். மகள் பேட்ச் ஒட்டுங்கள் அப்பா என்கிறாள். தம்பி வேப்புக்கு, அதுதான் மின் சிகரெட்டுக்கு, மாறு என்கிறான். எதை எடுப்பது?"

சட்ஸ்வர்த்திலிருந்து வந்தாலும் சரி, ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட் பக்கமிருந்து வந்தாலும் சரி, டர்பனில் மருந்துக் கடையில் வேலை செய்யும் என்னிடம் வரும் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரையோ பிரஷரோ ஏற்கெனவே இருக்கும். குடும்பத்தில் ஒருவராவது நெஞ்சுவலியில் போயிருப்பார். விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். எந்த வழியில் என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் "மனசு வைத்தால் போதாதா, மருந்து எதற்கு?" என்றும் கேட்பார். அதை முதலில் பார்த்துவிடலாம். மருந்தில்லாமல் விடுகிறவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். ஆனால் பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பின்படி, மருந்து உதவி இல்லாமல் முயலும் 100 பேரில் 6 பேர் அளவில்தான் ஆறு மாதம் தாண்டியும் விட்டபடியே இருக்கிறார்கள். சரியான மருந்தோடு முயன்றால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. 2020 லாக்டவுனில் மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நம் நாட்டில் சிகரெட் விற்பனையே தடை செய்யப்பட்டிருந்தது. வேறு வழியில்லாமல் நிறுத்திய பலர், கடை திறந்ததும் மீண்டும் தொடங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். சிகரெட் கிடைக்காமல் இருப்பது வேறு, மூளை அதைக் கேட்காமல் இருப்பது வேறு. மருந்து செய்வது இரண்டாவது வேலையை.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று முக்கியமான வழிகள் இருக்கின்றன: வரெனிக்லின் மாத்திரை, புப்ரோபியோன் மாத்திரை, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்சும் மெல்லும் நிக்கோட்டின் கம்மும். முதல் இரண்டுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். மூன்றாவது சீட்டில்லாமலே கிடைக்கும். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

- ஆய்வுகளில் எத்தனை பேருக்குப் பலித்தது?
- உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும், நீங்கள் போடும் மாத்திரைகளுக்கும் ஒத்துப்போகுமா?
- மருந்து, டாக்டர் ஃபீஸ், பரிசோதனை எல்லாம் சேர்த்து என்ன செலவு?
- தடையில்லாமல் கிடைக்குமா?
- முழுக் கோர்ஸையும் உங்களால் முடிக்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் எனக்கு மற்ற நான்கையும்விட முக்கியம். மூன்றாம் வாரத்தில் "இப்ப பரவாயில்லை, போதும்" என்று மருந்தை நிறுத்திவிட்டு, ஐந்தாம் வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி பற்றவைத்தவர்களைத்தான் கவுன்ட்டரில் அதிகம் பார்க்கிறேன். மருந்து தோற்றுவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மருந்துக்கு அவர்கள் நேரமே கொடுக்கவில்லை. ஆகவே, ஆய்வில் முதலிடம் வந்த மருந்தைவிட, கோர்ஸ் முடியும்வரை உங்கள் உடம்பும் பர்ஸும் தாங்கக்கூடிய மருந்துதான் உங்களுக்கு நல்ல மருந்து. இனி சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

## எண்கள் சொல்வது

மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஈகிள்ஸ். 2016இல் வெளிவந்தது. 16 நாடுகளில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள், தென்னாப்பிரிக்காவும் அந்த நாடுகளில் ஒன்று. ஒரு பகுதியினருக்கு வரெனிக்லின், ஒரு பகுதியினருக்கு புப்ரோபியோன், ஒரு பகுதியினருக்கு பேட்ச், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சிகிச்சை 12 வாரம். ஒன்பதாம் வாரத்திலிருந்து 24ஆம் வாரம்வரை ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்கள்:

- வரெனிக்லின்: 100இல் ஏறத்தாழ 22 பேர்
- புப்ரோபியோன்: 16 பேர்
- பேட்ச் மட்டும்: 16 பேர்
- வெற்று மாத்திரை: 9 பேர்

22 என்பது குறைவாகத் தெரியலாம். ஒரே ஒரு முயற்சியின் கணக்கு அது. விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்றவர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் வாய்ப்பை இரட்டிப்பாக்குவது சின்ன விஷயமில்லை.

இந்த ஆய்வில் பேட்ச் தனியாகத்தான் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்ச்சோடு கம்மும் சேர்த்தால் கதை மாறுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

## வரெனிக்லின்

மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டும் அதே இடத்தில் இந்த மருந்தும் ஒட்டுகிறது. பாதி அளவுக்கு அந்த இடத்தைத் தூண்டுவதால் தவிப்பு குறைகிறது. இடத்தை அடைத்துக்கொள்வதால், இடையில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. "பிடித்தேன், ஒன்றுமே தெரியவில்லை" என்று ஆச்சரியப்பட்டுச் சொன்னவர்கள் உண்டு.

போடும் முறை: முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை. நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை அதே அளவு இரு வேளை. எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். முதல் வாரத்தில் புகைத்துக்கொண்டே மருந்து போடலாம். எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ஒரு நாளைக் குறித்து நிறுத்த வேண்டும். ஒரே நாளில் நிறுத்த மனம் வரவில்லை என்றால் இன்னொரு முறை உண்டு: மருந்து போட்டபடியே நான்கு வாரத்தில் சிகரெட் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அடுத்த நான்கில் மறுபடி பாதியாக்கி, 12ஆம் வாரத்துக்குள் முழுதும் விட்டு, மருந்தை 24 வாரம் தொடர்வது. தேதி குறிக்கவே பயப்படுகிறவர்களுக்கு இதை டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன்.

முக்கியத் தொல்லை குமட்டல். ஈகிள்ஸில் நான்கில் ஒருவருக்கு வந்தது. வெறும் வயிற்றில் போட்டால் அநேகமாக வரும். சாப்பிட்ட பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் பெருமளவு அடங்கும். காலையில் டீயும் ரஸ்க்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களே, இந்த மருந்துக்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். விசித்திரமான கனவுகளும் தூக்கக் குறைவும் சிலருக்கு வரும். அப்படியானால் இரண்டாவது மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போடாமல் மாலைச் சாப்பாட்டோடு போடலாம். குமட்டல் தாங்கவே முடியவில்லை என்றால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"அந்த மாத்திரை மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணம் வரும்" என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். ஈகிள்ஸ் ஆய்வே இதைச் சோதிக்கத்தான் நடந்தது. பங்கேற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மனநல நோய் இருந்தவர்கள், அல்லது முன்பு இருந்தவர்கள். பேட்ச்சையோ வெற்று மாத்திரையையோ விட இந்த மருந்தில் அப்படிப்பட்ட கடும் விளைவுகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. 2016 டிசம்பரில் அந்த எச்சரிக்கையை நீக்கினார்கள். அதற்காக மனமாற்றத்தைக் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. சிகரெட்டை விடுவதே சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும். வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்தவர்களுக்கு அளவு குறைய வேண்டும். நம் ஆட்களில் சர்க்கரையோடு கிட்னிப் பிரச்சினையும் சேர்ந்து இருப்பவர்கள் பலர் என்பதால், கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கொடுப்பதில்லை. மருந்து போடும் நாட்களில் குடித்தால் சிலருக்குப் போதை கூடுதலாக ஏறும், நடந்தது நினைவில்லாமலும் போகும்.

அடுத்தது கிடைக்குமா என்ற கேள்வி. நம்மூரில் பலர் அறிந்த பெயர் சாம்பிக்ஸ். 2021இல் மாத்திரைகளில் நைட்ரோசமீன் வகை அசுத்தம் வரம்பைத் தாண்டியதால் தயாரித்த நிறுவனம் உலகெங்கும் விநியோகத்தை நிறுத்தியது. பிறகு வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள் பல நாடுகளில் வந்தன. ஆகவே சீட்டு வாங்கிய கையோடு விடும் தேதியைக் குறிக்காதீர்கள். முதலில் உங்கள் கெமிஸ்டிடம் 12 வாரத்துக்கான மருந்தும் வருமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். நான்கு வார மருந்து கிடைத்து எட்டு வாரம் கிடைக்காமல் போவது, தொடங்காததைவிட மனதை உடைக்கும். நாட்டில் பதிவாகாத மருந்தை ஒரு நோயாளிக்காகத் தருவிக்க மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வழி இருக்கிறது. டாக்டர் விண்ணப்பிக்க வேண்டும், நேரமும் பணமும் ஆகும்.

## புப்ரோபியோன்

இது மனச்சோர்வுக்காக வந்த மருந்து. போட்டவர்கள் சிலருக்குப் புகைக்கும் ஆசை குறைந்ததைக் கவனித்துத்தான் இதற்கும் கொண்டுவந்தார்கள். ஸைபன் என்ற பெயரில் இதைக் கேட்டிருப்பீர்கள். வெல்பூட்ரின் என்பதும் இதே மருந்துதான். மனச்சோர்வுக்காக அதை ஏற்கெனவே போடுகிறவர் சிகரெட்டுக்காக இன்னொரு சீட்டில் ஸைபன் வாங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும், அது ஆபத்து.

முதல் ஆறு நாள் காலையில் 150 மி.கி. ஒரு மாத்திரை. அப்புறம் இரண்டு மாத்திரை, குறைந்தது எட்டு மணி நேர இடைவெளியில். இரண்டாவது வாரத்தில் சிகரெட்டை நிறுத்த வேண்டும். ஏழு முதல் ஒன்பது வாரம்வரை தொடர வேண்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. வாய் வறளும், தூக்கம் கெடும்.

இதன் பெரிய நல்ல பக்கம், விட்டபின் ஏறும் எடையை மருந்து போடும்வரை ஓரளவு தடுத்து வைக்கிறது. மனச்சோர்வும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு ஒரே மருந்தில் இரண்டு வேலை நடக்கும்.

பெரிய கெட்ட பக்கம் வலிப்பு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம். முன்பு வலிப்பு வந்தவர்கள், மூளையில் கட்டி இருப்பவர்கள், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் அல்லது சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் நோய் இருந்தவர்கள், அதிகம் குடித்துத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்து கிடையாது.

நம் சமூகத்துக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை இருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரைக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த வலிப்பு ஆபத்து கூடுகிறது. சர்க்கரை இறங்கிப்போகும் நேரத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். க்ளிக்லசைடு, க்ளிமெபிரைடு போன்றவை சர்க்கரையை இறக்கிவிடக்கூடிய மாத்திரைகள். இதோடு முதுகுவலிக்கு ட்ரமடால் போடுகிறவர் என்றால் அதுவும் வலிப்புக்கான வாசலைத் திறக்கும் மருந்துதான். டாக்டர் அவசரத்தில் கேட்காமல் விட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையோடு நிறுத்துவார்கள். பிரஷரையும் இந்த மருந்து ஏற்றலாம், பேட்ச்சும் சேர்த்து ஒட்டினால் இன்னும் கொஞ்சம். மார்பகப் புற்றுநோய்க்கு டமோக்சிஃபென் எடுக்கும் பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும், அந்த மருந்தின் பலனை இது குறைக்கிறது. எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கு புப்ரோபியோனின் அளவே உடம்பில் குறைந்துபோகும்.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு இதை என் முதல் தேர்வாக ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

## நிக்கோட்டின் பேட்ச்சும் கம்மும்

"அதே நிக்கோட்டினைத்தானே மறுபடி கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஆமாம். அடிமைப்படுத்துவது நிக்கோட்டின், ஆனால் புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருவது புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். பேட்ச்சில் புகை இல்லை. அளவும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும்.

பேட்ச் மட்டும் ஒட்டி "பலிக்கவில்லை" என்று திரும்பி வருகிறவர்கள் ஏராளம். பேட்ச் நாள் முழுக்க அடித்தளம் போடுகிறது. சாப்பிட்டு முடித்ததும், டீ குடிக்கும்போதும், டிராஃபிக்கில் நிற்கும்போதும் எழும் திடீர் ஏக்கத்துக்கு வேகமாக வேலை செய்யும் ஒன்று கூடவே வேண்டும். அதற்குத்தான் கம் அல்லது வாயில் கரையும் மாத்திரை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றைவிட நன்றாகப் பலிக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். காக்ரேன் தொகுப்பில் இந்தச் சேர்க்கை வரெனிக்லினுக்கு அருகில் வந்துவிடுகிறது. இருந்தும் சேர்த்து எடுக்கலாம் என்றே பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் பெரிய பேட்ச்சில் தொடங்க வேண்டும்; 24 மணி நேர வகையில் அது 21 மி.கி. பிறகு 14, அப்புறம் 7. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு 4 மி.கி. கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. ராத்திரிக் கனவுகள் தொல்லை தந்தால் படுக்கும்முன் பேட்ச்சைக் கழற்றிவிடலாம்.

கம்மைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. அப்படி மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெல்ல மென்று, காரமாக உணர்ந்ததும் நிறுத்தி, பாட்டிமார் வெற்றிலையை அடக்குவது போலக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. காபி, ஜூஸ், கூல் டிரிங்க் குடித்தபின் கால் மணி நேரமாவது கழித்துத்தான் கம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது.

டர்பனின் டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்தில் வியர்வைக்கு பேட்ச் கழன்றுவிடும். முடியில்லாத இடத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள். லோஷன் பூசிய இடத்தில் ஒட்டாது. தினமும் இடத்தை மாற்றினால் அரிப்பு குறையும்.

இதய நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் பேட்ச் ஒட்டலாம், சிகரெட்டைவிட அது எவ்வளவோ மேல். சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

## வேப், ஹப்ளி

நிக்கோட்டின் வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்கள் உண்டு, ஆய்வுகளும் அதைக் காட்டுகின்றன. ஆனால் அது டாக்டர் எழுதித் தரும் மருந்து இல்லை. எப்போது குறைப்பது, எப்போது முடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. சிகரெட்டையும் வேப்பையும் சேர்த்துப் பிடிப்பதில் போய் முடிந்த பலரைப் பார்க்கிறேன்.

ஹப்ளி, அதாவது ஹூக்கா, ஒரு மாற்றே அல்ல. தண்ணீர் வழியாக வருவதால் நச்சு போய்விடுகிறது என்ற நம்பிக்கை தவறு. ஒரு மணி நேரம் ஹப்ளியில் உள்ளே இழுக்கும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப் போல நூறு மடங்குக்கும் மேல் போகலாம். சிகரெட்டை விட்டுவிட்டு வார இறுதியில் பிள்ளைகளோடு ஹப்ளியில் உட்காருகிறவர்கள் விட்டதாகவே ஆகாது.

## ஒரே பார்வையில்

| | வரெனிக்லின் | புப்ரோபியோன் | பேட்ச் + கம் |
|---|---|---|---|
| டாக்டர் சீட்டு | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் |
| பலன் | மிக அதிகம் | நடுத்தரம் | வரெனிக்லினுக்கு அருகில் |
| காலம் | 12 வாரம் | 7 முதல் 9 வாரம் | 8 முதல் 12 வாரம் |
| முக்கியத் தொல்லை | குமட்டல், கனவுகள் | தூக்கமின்மை, வாய் வறட்சி, அரிதாக வலிப்பு | தோல் அரிப்பு, விக்கல் |
| சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் | எடுக்கலாம், கிட்னியைப் பார்த்து | தவிர்ப்பது நல்லது | எடுக்கலாம், சர்க்கரையைக் கவனித்து |
| வலிப்பு வந்தவர் | டாக்டர் முடிவு | கூடாது | எடுக்கலாம் |
| மறைவான செலவு | டாக்டர் ஃபீஸ், தருவிக்கும் செலவு | டாக்டர் ஃபீஸ், பிரஷர் பரிசோதனை | கம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீரும் |

## செலவைப் பற்றி வெளிப்படையாக

டாக்டர் சீட்டு வேண்டிய மருந்துகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் தயாரிப்பாளரின் விலை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது மருந்து கொடுக்கும் கட்டணம். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் போன் செய்து "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். மலிவான மாற்று பிராண்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேட்டால் கெமிஸ்ட் சொல்லியே ஆக வேண்டும்.

மெடிக்கல் எய்ட் இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள். பல திட்டங்கள் புகை விடும் மருந்தைத் தங்கள் பணத்தில் கொடுப்பதில்லை. திட்டத்துக்குள்ளேயே இருக்கும் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்கும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. அந்தச் சேமிப்பு ஆண்டின் கடைசி மாதங்களில் காலியாகியிருக்கும். சேமிப்பிலிருந்துதான் போகும் என்றால் ஜனவரியில் தொடங்குவது நல்லது. அரசு கிளினிக்கில் பெரும்பாலும் ஆலோசனைதான் கிடைக்கும், மருந்தை எதிர்பார்த்துப் போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

மருந்து விலை சிகரெட் விலையைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம், வரி கட்டாத மலிவுச் சிகரெட்டும், டக் ஷாப்பில் ஒற்றையாக விற்கும் சிகரெட்டும். ஒற்றையாக வாங்குகிறவருக்கு மாதக் கணக்கு கண்ணில் படாது. ஒரு மாதம் எழுதி வைத்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் மூன்று மாத மருந்தின் விலையை மூன்று மாத சிகரெட்டோடு ஒப்பிடுங்கள். சிகரெட்டுக்கு நான்காம் மாதமும் உண்டு, மருந்துக்கு இல்லை.

காசு ஒன்றும் செலவழிக்க முடியாதவர்களுக்கு: தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கான்சா இணையத்தில் இலவசத் திட்டம் நடத்துகிறது. புகைப்பழக்கத்துக்கு எதிரான தேசியக் கவுன்சிலும் ஆலோசனை தருகிறது. மருந்து எடுப்பவர்களுக்கும் இவை தேவைதான். மருந்தும் பேச்சும் சேரும்போது பலன் கூடுகிறது.

## விட்டபின் மற்ற மாத்திரைகள் மாறும்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது, ஏனென்றால் எந்த வழியில் விட்டாலும் இது நடக்கும். புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைச் சில மருந்துகளை வேகமாக வெளியேற்றும்படி தூண்டுகின்றன. புகை நின்றதும் அந்த மருந்துகள் உடம்பில் கூடும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்கள் விடும் தேதியை டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காபியும் அப்படித்தான். விட்டபின் அதே நான்கு கப் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். பலர் அதை மருந்தின் கோளாறு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்தை விட்டுவிடாதீர்கள், காபியைப் பாதியாக்குங்கள்.

## புரட்டாசியா, தைப்பூசமா?

நம் வீடுகளில் புரட்டாசி மாதம் முழுக்க அசைவமும் மதுவும் நிற்கும். காவடி எடுப்பவர்கள் விரத நாட்களில் சிகரெட்டையும் தொடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு உண்மையானது, வீடே துணை நிற்கும் காலம் அது. ஆனால் விரதம் முடிந்த மறுநாள் கறிக்குழம்போடு சிகரெட்டும் திரும்பிவிடுகிறது.

அந்தக் காலத்தை மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறக்கும். அன்று நிறுத்த வேண்டுமானால் வரெனிக்லினை செப்டம்பர் 10இல் தொடங்கினால் எட்டாம் நாள் சரியாக மாதப் பிறப்பில் வரும். மாதம் முடியும்போது நீங்கள் ஆறாவது வாரத்தில் இருப்பீர்கள், இன்னும் ஏறத்தாழ பாதி மருந்து பாக்கி இருக்கும். ஆபத்தான நாட்களும் அவைதான். தீபாவளிக் கொண்டாட்டத்தில் மருந்து கையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலைவரை சாப்பிடாமல் இருப்பவர்கள் வரெனிக்லினின் காலை வேளையை என்ன செய்வது என்று முன்பே டாக்டரிடமோ கெமிஸ்டிடமோ பேசிவையுங்கள், வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். இன்சுலினும் விரதமும் புப்ரோபியோனும் ஒன்றுசேரவே கூடாது.

## யாருக்கு எது

வலிப்பு, கடும் கிட்னிப் பிரச்சினை, கர்ப்பம் எதுவும் இல்லை, 12 வார மருந்தும் உறுதியாகக் கிடைக்கிறது, பணம் இருக்கிறது என்றால் வரெனிக்லின். இதில் எனக்குத் தயக்கமில்லை. முன்பு பேட்ச்சில் தோற்றவர்களுக்கும், நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் பிடிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

டாக்டரைப் பார்க்கப் பணமோ நேரமோ இல்லை, பல மாத்திரைகள் ஏற்கெனவே போடுகிறீர்கள், இன்றே தொடங்க வேண்டும் என்றால் பேட்ச்சும் கம்மும் சேர்த்து. பணத்துக்கு இழுபறி என்றால் இரண்டையும் ஒரு வாரத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். ஆனால் பேட்ச் மட்டும் வாங்கி கம்மை விட்டுவிடாதீர்கள்.

மனச்சோர்வு இருக்கிறது, எடை கூடுவதற்குப் பயந்தே இதுவரை விடவில்லை, சர்க்கரையும் வலிப்பும் இல்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்றால் புப்ரோபியோன். எடையைப் பொறுத்தவரை, விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும். அந்த எடையோடும் இதயத்துக்கு சிகரெட் இல்லாத வாழ்க்கையே நல்லது.

டாக்டரிடம் போகும்போது, போடும் எல்லா மாத்திரைகளின் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூலிகை மருந்தும் வலி மாத்திரையும் உட்பட. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், முன்பு எதை முயன்றீர்கள், எந்த வாரத்தில் மறுபடி பிடித்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் போனிலாவது பேச முடியுமா என்று கேளுங்கள்.

இடையில் ஒரு நாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், அன்று மாலை மாத்திரையை நிறுத்தாதீர்கள், பேட்ச்சையும் கழற்றாதீர்கள். மீதி பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த வேளை மருந்தை அதே நேரத்துக்குப் போடுங்கள். மருந்து முடிய இன்னும் எத்தனை வாரம் இருக்கிறதோ, அத்தனை வாரமும் உங்களுக்கு இருக்கிறது.